வந்த இரத்தம் வடிய வேண்டும்: மடல் சத்திரசிகிச்சைக்குப் பின் நுனி கறுத்த ஒரு காலைப் பற்றி

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைக் கிராமமொன்றிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். ஊர், பெயர், வைத்தியசாலை என அடையாளம் காட்டக்கூடிய எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, அவருடைய நீண்ட கடிதத்தின் சாரத்தை முதலில் தருகிறேன்.

அவருடைய கணவருக்கு வயது 54. விவசாயி. எட்டு ஆண்டுகளாகச் சீனி வருத்தம் உண்டு; குளிசைகளை விட்டு விட்டுத்தான் குடித்து வந்திருக்கிறார். வயலில் லேண்ட்மாஸ்டரை, அதாவது இரு சில்லு உழவு இயந்திரத்தை, திருப்பும்போது அது சரிந்து, இரும்புச் சில்லு காலில் ஏறியதில், வலது கணுக்காலுக்குச் சற்று மேலே முன்பக்கத் தோலும் சதையும் பிய்ந்து எலும்பு வெளியே தெரிந்திருக்கிறது. எலும்பு முறியவில்லை. வைத்தியசாலையில் இரண்டு முறை காயத்தைச் சுத்தம் செய்தபின், ஏழாம் நாள், கெண்டைக்காலின் பின்புறத்திலிருந்து தோலையும் அதன் கீழுள்ள படையையும் எடுத்துத் திருப்பி எலும்பை மூடியிருக்கிறார்கள். இப்படித் திருப்பிய பகுதியைத்தான் மடல் என்கிறோம். எடுத்த இடத்தைத் தொடையிலிருந்து உரித்த மெல்லிய தோலால் ஒட்டியிருக்கிறார்கள். ஒப்பரேசன் முடிந்த இரண்டாம் நாள் இரவு, மூடிய பகுதி நீலம் பாய்ந்து வீங்கியது. இரவு வேலையில் இருந்த வைத்தியர் வந்து சில தையல்களை வெட்டிவிட்டு, ஊசியால் குத்திப் பார்த்தபோது கறுத்த இரத்தம் கசிந்தது. அடுத்த நாட்களில் நிறம் தேறிவந்தது. ஆனால் நுனியில் இரண்டு விரல் அகலத்துக்குக் கறுத்துக் காய்ந்துவிட்டது. கடிதம் எழுதியபோது ஒப்பரேசன் முடிந்து 18 நாள். இப்போது வீட்டில் இருக்கிறார். ஒரு நாள் விட்டு ஒரு நாள் அருகிலுள்ள வைத்தியசாலையில் மருந்து கட்டுகிறார்கள்.

சகோதரியின் கேள்விகள் இவை. ஒப்பரேசன் பிழையாகிவிட்டதா? உடம்பில் இரத்தம் குறைவாக இருந்ததால்தான் கறுத்ததா, இரும்புச்சத்து மருந்து கொடுத்தால் தேறுமா? தையலை வெட்டியது தவறா? சுண்டுவிரல் பக்கம் மரத்துக் கிடக்கிறதே, அது வாதமா? காலை எடுக்க வேண்டி வருமா, கொழும்புக்குக் கொண்டு போவதா? எண்ணெய் ஒத்தடம் கொடுக்கச் சொல்கிறார் மாமியார். வயல் அட்டையைப் பிடித்து விடச் சொல்கிறார் ஒரு உறவினர். மீனும் முட்டையும் கிரந்தி, புண்ணைக் கூட்டும் என்று வீட்டில் நிறுத்திவிட்டார்கள். அவரோ ஒரு நாளைக்கு இரண்டு பீடிதானே என்கிறார். எது சரி? இறுதியாக, ஒப்பரேசனுக்கு முன்னர் தாளில் கையொப்பம் வாங்கியபோது சொன்னது தமக்கு விளங்காத மொழியில் இருந்தது என்ற மனக்குறையையும் எழுதியிருக்கிறார்.

சகோதரி, உங்கள் கணவரின் காலை நான் பார்க்கவில்லை. ஆகவே நான் இங்கே எழுதுவது எதுவும், அவரைக் கண்ணால் பார்த்துக் கையால் தொட்டுப் பரிசோதிக்கும் சத்திரசிகிச்சை நிபுணரின் சொல்லுக்கு மேலாகாது. இருந்தாலும் நீங்கள் நாள் வாரியாக நிறத்தையும் வீக்கத்தையும் குறித்து அனுப்பியிருக்கும் விதம் எனக்குப் பெரிதும் உதவியது. அந்தக் குறிப்பின்படிதான் நிலைமை இருக்குமானால், ஒப்பரேசன் தோற்கவில்லை. எலும்பு மூடியிருக்கிறது, மடலின் பெரும்பகுதி உயிரோடு இருக்கிறது, நுனி மட்டும் போயிருக்கிறது. நுனி போவது வேறு, மடலே போவது வேறு. இதை முதலில் மனத்தில் இருத்திக்கொண்டு மீதியை வாசியுங்கள்.

தோலை மட்டும் ஒட்டியிருக்கக் கூடாதா?

தொடையிலிருந்து எடுத்த தோலைக் கெண்டைக்காலில் ஒட்டியவர்கள், அதையே எலும்பின் மேலும் ஒட்டியிருந்தால் இவ்வளவு பாடு வந்திருக்காதே என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. தோல் ஒட்டு தன்னோடு இரத்தக் குழாய் எதையும் கொண்டு வருவதில்லை. முதல் ஒன்றிரண்டு நாட்கள், ஒட்டிய தளத்தில் ஊறும் நீரை உறிஞ்சிக்கொண்டே அது உயிர் பிடித்துக் கிடக்கும். மூன்றாம் நாள் அளவில் தளத்திலுள்ள நுண்குழாய்கள் அதன் குழாய்களோடு தொடுக்கத் தொடங்கி, ஏறத்தாழ ஐந்தாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் இரத்த ஓட்டம் நிலைபெறும். ஆகவே ஒட்டும் தளம் இரத்தம் நிறைந்த தசையாகவோ, புண்ணில் வளரும் சிவந்த புதுச் சதையாகவோ இருக்க வேண்டும். எலும்பைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வும் உரிந்துபோன வெற்று எலும்பில் ஊறுவதற்கு எதுவும் இல்லை. அங்கே ஒட்டும் தோல் கட்டாந்தரையில் விதைத்த நெல்லாகிவிடும்.

மடல் அப்படியன்று. வார்ட்டில் 'ஃபிளாப்' என்று நீங்கள் கேட்டிருப்பது இதைத்தான். தோலையும் கொழுப்பையும் அதன் கீழுள்ள நார்ப்படையையும், அவற்றுக்கு இரத்தம் கொண்டுவரும் குழாயோடும் கொண்டுபோகும் குழாயோடும் சேர்த்தே எடுத்து, அந்தக் காம்பை அறுக்காமல் புதிய இடத்துக்குத் திருப்புவது மடல். முழங்காலுக்குக் கீழேயுள்ள காயங்களில், மேற்பகுதிக்கும் நடுப்பகுதிக்கும் கெண்டைத் தசைகளைத் திருப்பி மூடலாம். கணுக்காலை அண்டிய கீழ் மூன்றில் ஒரு பங்குக்கு அந்தத் தசைகள் எட்டுவதில்லை. அங்கே தோலுக்கு அடியில் எலும்பும் தசைநாண்களும்தான். அதனால்தான் கெண்டைக்காலின் பின்புறத் தோலை, வெளிக்கணுவுக்கு ஏறத்தாழ 5 சென்ரிமீற்றர் மேலே வெளிவரும், இரத்தம் கொண்டுவரும் சிறு நாடிக் கிளைகளை நம்பி, தலைகீழாகத் திருப்பும் முறை கையாளப்படுகிறது. 1992 இல் பிரான்சின் மஸ்கலே குழுவினர் விளக்கி எழுதிய பின் இது உலகெங்கும் பரவியது. நுணுக்குக்காட்டியும் நுண்குழாய்த் தையலும் இல்லாமலே செய்யக்கூடியது என்பதால், பெருநகரத்துக்கு வெளியேயுள்ள வைத்தியசாலைகளில் எத்தனையோ கால்களை இது காப்பாற்றியிருக்கிறது.

இதற்கு ஒரு விலை உண்டு. அந்தப் பகுதியில் ஓடும் உணர்வு நரம்பு மடலோடு சேர்த்து வெட்டப்படும். சுண்டுவிரல் பக்கம், பாதத்தின் வெளி ஓரம் மரத்திருப்பது அதனால்தான். அது வாதமன்று, விரல்களை அசைக்கும் நரம்புகள் வேறு. மரத்த பரப்பு காலப்போக்கில் சுருங்குவதுண்டு, முழுதாக மாறாமலும் இருக்கலாம்.

இரத்தம் வராமல் போனதா, போகாமல் நின்றதா

உங்கள் கடிதத்தில் நான் திருத்த விரும்பும் முதன்மையான எண்ணம் இது. இரத்தம் போதாததால் மடல் கறுத்தது என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் நீங்களே குறித்திருப்பது என்ன? நீலம் பாய்ந்தது, வீங்கியது, குத்தியதும் கறுத்த இரத்தம் கசிந்தது. இரத்தம் வராத மடல் வெளிறிப்போகும், குளிரும், சுருங்கும். விரலால் அழுத்தி எடுத்தால் நிறம் திரும்ப வெகு நேரம் பிடிக்கும். குத்தினாலும் இரத்தம் வராது. வந்த இரத்தம் வெளியேற முடியாத மடலோ நீலமாகி ஊதும்; அழுத்தி எடுத்தால் இரண்டு விநாடிக்குள்ளேயே நிறம் பாய்ந்து திரும்பும்; குத்தினால் கருஞ்சிவப்பாக வழியும். உங்கள் கணவருக்கு நேர்ந்தது இந்த இரண்டாவது வகை என்றே உங்கள் குறிப்பு காட்டுகிறது.

மாரிமழையில் வாவி நிரம்பிப் படுவான்கரை வயல்கள் மூழ்கும்போது என்ன செய்கிறோம்? முகத்துவாரத்தை வெட்டி வெள்ளத்தைக் கடலுக்கு விடுகிறோம். அந்த நேரத்தில் உன்னிச்சைக் குளத்திலிருந்து இன்னும் தண்ணீர் திறந்துவிடு என்று யாரும் கேட்பதில்லை. வாய்க்கால் எவ்வளவு நன்றாக ஓடினாலும் வடிச்சல் அடைபட்டால் பயிர் அழுகும். உடம்பில் இரத்தத்தைக் கொண்டுவரும் நாடி வாய்க்கால், திரும்பக் கொண்டுபோகும் நாளம் வடிச்சல். காலிலுள்ள நாளங்களில், இரத்தம் கீழே திரும்பாமல் மேல் நோக்கி மட்டும் போவதற்காக வால்வுகள் அமைந்திருக்கின்றன. இந்த மடலைத் தலைகீழாகத் திருப்பும்போது, உள்ளே வந்த இரத்தம் அந்த வால்வுகளுக்கு எதிராகவே வெளியேற வேண்டியிருக்கிறது. முதல் சில நாட்கள் இது மிகக் கடினம். மேலே ஒரு வீக்கமோ, இறுகிய தையலோ, காம்பின் மேல் காலின் பாரமோ விழுந்தால் வடிச்சல் முற்றாக அடைபடும். அதன்பின் அழுத்தம் ஏறி, உள்ளே வரும் நாடியையும் அது நெரித்துவிடும்.

ஆகவே இரவில் வந்து தையலை வெட்டிய அந்த வைத்தியர் தவறு செய்யவில்லை, சகோதரி. அவர் முகத்துவாரத்தை வெட்டினார். காயம் விரிந்து பார்ப்பதற்குப் பயமாக இருந்திருக்கும். உறவினர்கள் கோபப்பட்டதும் எனக்கு விளங்குகிறது. விரிந்த தையலைப் பிறகு மூடலாம். செத்த மடலை உயிர்ப்பிக்க இயலாது. அடுத்த நாட்களில் நிறம் தேறிவந்தது என்று நீங்கள் எழுதியிருப்பது அந்த இரவில் நடந்த வேலையின் பலன்.

அப்படியானால் நுனி மட்டும் ஏன் போனது? 1987 இல் அவுஸ்திரேலிய சத்திரசிகிச்சை நிபுணர் இயன் டெய்லரும் பால்மரும், உடலின் தோலும் அதன் கீழுள்ள இழையங்களும் எந்தெந்த நாடியால் ஊட்டப்படுகின்றன என்பதை வயற்பாத்திகளைப் போல வரவை வரவையாகப் பிரித்துக் காட்டினார்கள். ஒரு வரவைக்கும் அடுத்ததற்கும் இடையில் ஒடுங்கிய இணைப்புக் குழாய்கள் உண்டு. ஒரு நாடியை நம்பி மடல் எடுத்தால் அதன் சொந்த வரவை தப்பும். அடுத்த வரவையும் அந்த ஒடுங்கிய குழாய்கள் வழியாகப் பெரும்பாலும் தப்பும். அதற்கும் அப்பால் உள்ளது ஐயம்தான். கடைக்கோடி வயலுக்குத் தண்ணீர் கடைசியில் எட்டுவது போல, அந்த நுனிக்கு இரத்தம் மெலிந்தே வருகிறது. வடிச்சலும் அங்கேதான் மிகக் கடினம். அந்த ஒடுங்கிய குழாய்கள் விரிந்து கொடுக்க இரண்டு மூன்று நாட்கள் எடுக்கும். அதற்குள் நீலம் பாய்ந்ததால் நுனி தாங்கவில்லை. முன்கூட்டியே மடலைப் பாதி வெட்டி அதே இடத்தில் வைத்து, குழாய்கள் விரிந்தபின் ஒன்றிரண்டு வாரம் கழித்துத் திருப்புகிற இரண்டு கட்ட முறையும் உண்டு. சீனி வருத்தமும் புகைப்பழக்கமும் உள்ளவர்களுக்கு அதை நாங்கள் சில வேளை தேர்ந்தெடுப்போம். ஆனால் எலும்பு திறந்து கிடக்கும் காயத்தில் ஒவ்வொரு நாள் தாமதமும் தொற்றுக்கு வழி. எதைத் தேர்ந்தாலும் ஒன்றை இழக்கும் முடிவு அது. உங்கள் கணவரின் நிபுணர் எலும்பைச் சீக்கிரம் மூடுவதைத் தேர்ந்ததில் குறை காண எனக்குக் காரணம் தெரியவில்லை.

இரும்புச்சத்து மருந்தைப் பற்றி: பரிசோதனையில் ஹீமோகுளோபின் குறைவு என்று தெரிந்தால் அதைச் சரிசெய்ய வேண்டியதுதான். அப்படிக் குறைவு இல்லாத ஒருவருக்கு அந்த மருந்தால் மடலின் நிறம் மாறாது. இரத்தத்தை மெல்லியதாக்கும் என்று யாராவது சொல்லும் குளிசையை நீங்களாக வாங்கிக் கொடுக்கவே வேண்டாம்.

இன்னொரு நல்ல செய்தியும் இருக்கிறது. முதல் நாட்களில் மடல் காம்பை மட்டுமே நம்பி வாழ்கிறது. முதல் வாரத்தின் முடிவிலிருந்து, அது படிந்திருக்கும் தளத்திலிருந்தும் சுற்று ஓரங்களிலிருந்தும் புதிய நுண்குழாய்கள் அதற்குள் வளர்ந்து செல்கின்றன. ஏறத்தாழ மூன்று வாரத்தில், தளம் நன்றாக இருந்தால், காம்பையே வெட்டிவிட்டாலும் மடல் பிழைக்கும் அளவுக்கு அவை பெருகுகின்றன. 18 ஆம் நாளில் சிவந்த மென்னிறத்தில் இளஞ்சூடாக இருக்கும் பகுதி, இனி எளிதில் போகாது.

கறுத்த நுனியை என்ன செய்வது

அதைப் பிய்க்க வேண்டாம், ஊறவைத்து உரிக்க வேண்டாம். காய்ந்து, நாற்றமில்லாமல், ஓரம் சிவக்காமல் இருக்கும் வரை அந்தக் கறுத்த பொருக்கு ஒரு மூடியாகவே நிற்கிறது. எது செத்தது, எது பிழைக்கும் என்ற எல்லைக்கோடு தெளிவாகத் தெரிய இரண்டு மூன்று வாரம் ஆகும். அவசரப்பட்டு வெட்டினால் பிழைக்கக்கூடிய இழையமும் சேர்ந்து போய்விடும். மேலே முழுத் தடிப்பும் செத்ததுபோலத் தோன்றினாலும், கீழே கொழுப்புப் படை உயிரோடிருந்து எலும்பை மூடிக்கொண்டிருப்பதை நான் பல முறை கண்டிருக்கிறேன்.

கோடு தெளிந்தபின் நிபுணர் செத்த பகுதியை வெட்டி எடுப்பார். அடியில் சிவந்த சதை இருந்தால், சிறு பரப்பு மருந்து கட்டியே ஆறிவிடும். சற்றுப் பெரிதானால் தொடையிலிருந்து மெல்லிய தோலை மறுபடி ஒட்டுவார். சில இடங்களில் காயத்தின் மேல் உறிஞ்சு விசை கொடுக்கும் கட்டைப் போட்டுத் தளத்தைத் தயார் செய்வதும் உண்டு. எலும்பு மீண்டும் வெளியே தெரிந்தால் மட்டுமே இன்னொரு மடலைப் பற்றிப் பேச வேண்டி வரும்; அப்போது கொழும்புத் தேசிய வைத்தியசாலை போன்ற, பிளாஸ்டிக் சத்திரசிகிச்சைப் பிரிவு உள்ள இடத்துக்கு அனுப்பும்படி கேட்பது பொருத்தம்.

இன்றைக்கே கொழும்புக்குப் போவதை நான் ஆதரிக்கவில்லை. பஸ்ஸில் ஏழெட்டு மணி நேரம் காலைத் தொங்கவிட்டு இருப்பது, வடிச்சல் பலவீனமான ஒரு மடலுக்குச் செய்யக்கூடிய பெரிய தீங்கு. இரண்டாவது கருத்துக் கேட்பது உங்கள் உரிமை. அதற்கு முதலில் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலேயே வழி கேளுங்கள். பயணம் தவிர்க்க முடியாததானால், படுத்த நிலையில் காலை உயர்த்தி வைத்தே கொண்டு போங்கள்.

காலை எடுப்பது பற்றிய பேச்சு ஊரில் எழுந்திருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. நுனி கறுத்ததற்காக யாரும் காலை எடுப்பதில்லை. எலும்புக்குள் கட்டுக்கடங்காத தொற்று பரவினாலோ, பாதத்துக்கே இரத்தம் போகாவிட்டாலோதான் அந்தக் கேள்வி எழும். இந்த இரண்டையும் தடுப்பதற்கு நீங்கள் கவனிக்க வேண்டிய அடையாளங்கள் இவை: காய்ச்சல் அல்லது நடுக்கம்; சீழ், நாற்றம்; காய்ந்திருந்த கறுப்பு நசநசத்து ஈரமாவது; சிவப்பு மேல்நோக்கிப் பரவுவது; நல்ல நிறத்திலிருந்த பகுதி மாறுவது; காரணமின்றிச் சீனி அளவு ஏறுவது; எலும்பு தெரிவது. இவற்றில் ஒன்று கண்டாலும் கிளினிக் நாள்வரை காத்திருக்க வேண்டாம், உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். எந்தக் காலிலாவது கெண்டைப்பகுதி திடீரென வீங்கி வலித்தாலோ மூச்சு வாங்கினாலோ அது நாளத்தில் இரத்தம் உறைந்ததாக இருக்கலாம். 1990 இலவச அம்புலன்சை அழையுங்கள். காயம் வயல் சேற்றில் ஏற்பட்டது என்பதையும் சீனி வருத்தம் உண்டு என்பதையும் ஒவ்வொரு புதிய வைத்தியரிடமும் சொல்லுங்கள். மண்ணிலும் சேற்றிலும் வாழும் பற்றீரியாவால் வரும் மெலியோய்டோசிஸ் என்ற தொற்று, நம் கிழக்கிலும் கண்டறியப்பட்டிருக்கிறது. அதற்கு வழமையான மருந்துகள் போதாது, அதை நினைத்துப் பார்த்துச் சோதித்தால்தான் பிடிபடும்.

வீட்டில் சொல்லப்படுபவை

மாமியார் அன்பினால் சொல்கிறார். ஆனாலும் ஒத்தடம் கூடாது. மடலுக்கு உணர்வு இல்லை, சூடு தெரியாது. வந்த சூட்டைக் கடத்திவிடும் அளவுக்கு இரத்த ஓட்டமும் இல்லை. மற்றக் காலுக்கு இதமாக இருக்கும் சூடு இங்கே தீக்காயமாகிவிடும். எண்ணெய் பூசினால் காய்ந்த பொருக்கு ஊறி ஈரமாகும். ஐஸ் வைப்பதும் கூடாது. அறையைக் குளிரவிடாமல், காலை ஒரு துணியால் தளர்வாகப் போர்த்தி வைத்தால் போதும்.

அட்டையைப் பற்றிச் சொன்ன உறவினர் கேட்டது வெறும் கட்டுக்கதை அன்று. நீலம் பாய்ந்த மடலில் அட்டை விட்டு இரத்தத்தை வடிக்கும் முறையை 1960 இல் டெர்கான்ஸ், ஸ்ட்ராவிச் என்ற இரு மருத்துவர்கள் விளக்கி எழுதினார்கள். இன்றும் பெரிய நிலையங்களில் அது பயன்படுகிறது. அட்டையின் உமிழ்நீரிலுள்ள ஹிருடின் இரத்தத்தை உறையவிடாமல், அது விழுந்தபின்னும் மணிக்கணக்கில் கசியவைக்கும். ஆனால் அது முதல் சில நாட்களில், நீலமாக இருக்கும் உயிருள்ள மடலுக்கு உரியது. காய்ந்து கறுத்ததில் அட்டை கடிக்கவே கடிக்காது. மருத்துவத்துக்கென்று வளர்க்கப்படும் அட்டைகளின் குடலில்கூட ஏரோமோனாஸ் என்ற பற்றீரியா இருப்பதால், நுண்ணுயிர்க்கொல்லி கொடுத்துத்தான் அவற்றை விடுகிறார்கள். வயலில் பிடித்த அட்டையைச் சீனி வருத்தக்காரரின் திறந்த காயத்தில் விடுவதை நினைக்கவும் வேண்டாம்.

கோயிலில் மந்திரித்துக் கட்டிய நூல் கணுக்காலில் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அது உங்கள் நம்பிக்கை, அதற்குள் நான் வரவில்லை. ஆனால் கால் வீங்கும்போது ஒரு மெல்லிய நூலும் நாளத்தை நெரிக்கப் போதும். அதே நூலைக் கையில் கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். பண்டேஜைச் சுற்றும்போதும் ஒரு விரல் எளிதாக நுழையும் அளவு தளர்வு வேண்டும். காம்பு கெண்டைக்காலின் பின்புறத்தில் இருப்பதால், மல்லாந்து படுக்கும்போது காலின் பாரம் முழுவதும் அதன் மேலேயே விழும். முழங்காலுக்குக் கீழே ஒரு தலையணை, குதிக்குக் கீழே மடித்த துணி என்று வைத்து, காம்பு உள்ள இடம் எதிலும் படாமல் அந்தரத்தில் நிற்கும்படி செய்யுங்கள். கால் நெஞ்சு மட்டத்துக்குச் சற்று மேலே இருக்கட்டும். எப்போது தொங்கவிடலாம், எத்தனை நிமிடம் என்பதை நிபுணரிடம் கேட்டே தொடங்க வேண்டும். சில நிமிடங்களில் ஆரம்பித்து, நிறத்தைப் பார்த்துப் பார்த்துக் கூட்டுவோம்.

கிரந்தி என்று மீனையும் முட்டையையும் நிறுத்தியதை இன்றே மாற்றுங்கள். காயம் ஆறுவதற்கு உடம்பு கட்டும் புதிய இழையத்துக்குப் புரதம்தான் அடிப்படை. இத்தகைய காயமுள்ளவருக்கு உடல் நிறையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் வேண்டும். 60 கிலோ நிறையுள்ளவருக்கு அது 72 முதல் 90 கிராம். ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம், 100 கிராம் மீனில் ஏறத்தாழ 20 கிராம் இருக்கும். வாவி மீனோ குளத்து மீனோ, பருப்பு, கடலை, பயறு, தயிர் எல்லாம் கொடுக்கலாம். கொய்யா, நெல்லி, தேசிக்காய், முருங்கை இலை ஆகியவை விற்றமின் C கிடைக்க நல்லவை. முன்பு ஏதாவது மீனுக்கோ இறாலுக்கோ அவருக்கு உடம்பு தடித்துச் சொறிந்திருந்தால் அதை மட்டும் விலக்குங்கள். சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருக்கிறதா என்பதை மட்டும் முதலில் கேட்டறியுங்கள். அப்படியிருந்தால் புரத அளவை வைத்தியர் வரையறுத்துத் தருவார். சோற்றைக் குறைத்துக் கறியைக் கூட்டுவது சீனிக்கும் நல்லது. சீனி ஏறியிருந்தால் வெள்ளணுக்கள் கிருமியோடு போராடும் வலிமை குன்றுகிறது, புதிய இழையமும் வலுவாக உருவாவதில்லை. காயம் ஆறும்வரை இன்சுலின் போட வேண்டும் என்றால் மறுக்க வேண்டாம். அது ஆயுள் முழுவதற்குமான தீர்ப்பன்று.

இரண்டு பீடி

இந்தப் பகுதியை அவருக்கே வாசித்துக் காட்டுங்கள். ஐயா, பீடிப் புகையிலுள்ள நிக்கொட்டின் தோலின் நுண்நாடிகளைச் சுருக்குகிறது. அதே புகையிலுள்ள காபனோரொட்சைட்டு, ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்போடு ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொண்டு, இரத்தம் சுமக்க வேண்டிய ஒட்சிசனின் இடத்தைப் பறிக்கிறது. வசதியாக நாள் குறித்துச் செய்யும் மடல் ஒப்பரேசனுக்கு, நான்கு வாரத்துக்கு முன்பே புகையை விட்டுவரச் சொல்வோம். உங்களுக்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை. இப்போது மடலின் ஓரத்தில் வளர்ந்துகொண்டிருக்கும் புதுக்குழாய்கள் மயிரிழையிலும் மெல்லியவை. இரண்டு பீடி என்பது உங்களுக்குக் குறைவாகத் தெரியலாம். அந்தக் குழாய்களுக்கு அது குறைவன்று. அருகில் இருந்து மற்றவர் புகைப்பதையும் தடுக்க வேண்டும். விடமுடியாமல் தவித்தால் வெட்கப்படாமல் கிளினிக்கில் சொல்லுங்கள். வெற்றிலையோடு புகையிலை போட்டு ஈடுசெய்ய வேண்டாம், அதிலும் நிக்கொட்டின்தான் இருக்கிறது.

கையொப்பமும் விளக்கமும்

சகோதரி, ஒரு சிக்கல் நேர்ந்தது என்பதால் மட்டும் தவறு நடந்ததாக ஆகாது. இந்த வகை மடலில் நாள இரத்தம் தேங்குவதும் நுனி போவதும் நாங்கள் எல்லோரும் அறிந்த, எதிர்பார்க்கும் ஆபத்துகள். ஆனால் எதிர்பார்க்கும் ஆபத்து என்றால் அதை முன்பே உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும், உங்களுக்கு விளங்கும் மொழியில். அந்த மனக்குறை நியாயமானது. தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. விளங்கும் மொழியில் விளக்கம் கேட்பது சலுகை கேட்பதாகாது. அடுத்த கிளினிக்கில், தமிழ் தெரிந்த தாதியோ வைத்தியரோ உடனிருக்க விளக்கும்படி அமைதியாகக் கேளுங்கள். வைத்தியசாலையிலிருந்து வீட்டுக்கு விடும்போது தந்த டயக்னோசிஸ் கார்ட்டில் ஒப்பரேசனின் பெயரும் நாளும் கொடுக்கப்பட்ட மருந்துகளும் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். மருந்து கட்டும் ஒவ்வொரு முறையும், ஒரே வெளிச்சத்தில், ஒரே தூரத்திலிருந்து தொலைபேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள். நிறம் மாறுகிறதா என்பதை வாய்ச்சொல்லைவிட அது தெளிவாகக் காட்டும்.

நிபுணரிடம் இவற்றைக் கேளுங்கள்: கறுத்த பகுதிக்குக் கீழே எலும்பு மூடியிருக்கிறது என்று நினைக்கிறீர்களா? எப்போது வெட்டுவீர்கள், அதன்பின் தோல் ஒட்டு வேண்டி வருமா? பாதத்துக்குப் போகும் நாடிகளின் ஓட்டத்தைச் சோதித்தீர்களா? கடந்த மூன்று மாதச் சீனியைக் காட்டும் பரிசோதனையின் அளவு என்ன? கேட்பதனால் எந்த நல்ல வைத்தியரும் கோபிக்கமாட்டார். சீனி வருத்தக்காரரில் பாதத்தின் நாடி ஓட்டத்தைப் பார்ப்பது அவசியம் என்பதால் மூன்றாவது கேள்வியை மறக்க வேண்டாம்.

வயலுக்கு எப்போது

அறுவடைக்குள் இறங்கிவிடலாமா என்று அவர் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். முடியாது. ஆறிய தழும்பு ஆறு வாரத்தில் பழைய தோலின் வலிமையில் ஏறத்தாழ பாதியைத்தான் எட்டும். மாதங்கள் சென்றபின்னும் எண்பது வீதத்தைத் தாண்டாது. நுனி முற்றாக மூடி, நிபுணர் அனுமதித்த பின்னரே சேற்றில் கால் வைக்கலாம். திறந்த காயத்தோடு வயலில் இறங்கினால் எலிக்காய்ச்சலுக்கும் வழி திறந்துவிடுகிறது. அதன்பின்னும் முழங்கால்வரை மூடும் சப்பாத்து போட வேண்டும். சப்பாத்தின் விளிம்பு மடலில் உரசினால் அவருக்கு நோகாது, ஏனென்றால் அங்கே உணர்வு இல்லை. ஆகவே ஒவ்வொரு மாலையும் வயலிலிருந்து வந்து காலைக் கழுவித் துடைத்தபின், நல்ல வெளிச்சத்தில் மடலையும் பாதத்தின் வெளி ஓரத்தையும் நீங்கள் உங்கள் கண்ணால் பார்த்து, கொப்புளமோ சிராய்ப்போ இருக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும்.